சார்ஜ் நிற்காத டிஜிட்டல் ரேடியோ: அறிகுறி பார்த்துப் பழுது பிடிப்பது எப்படி?

ரேடியோ சீக்கிரம் அணைந்தால் நம்மூரில் முதலில் செய்வது புது பேட்டரி வாங்கிப் போடுவதுதான். அதுவும் ஒரு மாதத்தில் படுத்துவிடும். பிறகு பேட்டரிக் கடைக்காரரைத் திட்டுவோம். பல நேரம் குற்றம் ஸ்பிரிங்கில் படிந்த பச்சைக் களிம்பிலோ, சரியில்லாத கேபிளிலோ, அணைத்த பிறகும் உள்ளே திருட்டுத்தனமாக மின்சாரம் இழுக்கும் ஒரு ஐசி சில்லிலோ இருக்கும். அதனால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் பேட்டரிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நம் வேலூர்ப் பக்கம் பேரணாம்பட்டில் பீடி சுற்றும் திண்ணையிலும், குடியாத்தத்தில் லுங்கித் தறிக்குப் பக்கத்திலும், பம்ப்செட் கொட்டகையிலும் பாடுவது பெரும்பாலும் மூன்று வகைப் பெட்டிதான். ஒன்று, இரண்டு பென்சில் பேட்டரி போடும் பாக்கெட் ரேடியோ. இரண்டு, பழைய பட்டன் போனில் வரும் பிஎல்-5சி பேட்டரி அல்லது 18650 என்ற உருளை லித்தியம் செல் போட்டு, பென் டிரைவும் மெமரி கார்டும் செருகும் ரேடியோ. மூன்று, வானொலியின் டிஜிட்டல் ஒலிபரப்பான டி.ஆர்.எம். பிடிக்கும் ரேடியோ. கீழே வருவது மூன்றுக்கும் பொருந்தும். வித்தியாசம் வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

மலிவு விலை மஞ்சள் மல்டிமீட்டர் போதும். சார்ஜ் ஏறுவதைப் பார்க்க ஒரு யுஎஸ்பி மீட்டர். நைஸ் உப்புத்தாள், காது குடையும் பஞ்சுக்குச்சி, எலுமிச்சம்பழம், ஆப்பச் சோடா.

இன்னொன்றை நீங்களே செய்துகொள்ளலாம். கல்யாணப் பத்திரிகை அட்டையில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளை ஒட்டுங்கள். இரு பக்கத் தாளும் ஓரத்தில் ஒன்றையொன்று தொடவே கூடாது. இதை பேட்டரிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் சொருகி, மீட்டரின் ஒரு முனையை ஒரு பக்கத் தாளிலும் மறுமுனையை அடுத்த பக்கத்திலும் வைத்தால், ரேடியோவைப் பிரிக்காமலேயே எத்தனை மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். கீழே ‘அட்டைத் துண்டு’ என்று சொல்வது இதைத்தான்.

ரேடியோ நன்றாகப் பாடும் நாளிலேயே ஒரு முறை அளந்து, எஃப்எம்மில் எவ்வளவு, கார்டில் எவ்வளவு, டி.ஆர்.எம்.மில் எவ்வளவு என்று பேட்டரி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். பின்னால் பழுது வரும்போது பாதி வேலை மிச்சம். பாடும்போது அளக்க மீட்டரின் 10 ஆம்பியர் துளையையே பயன்படுத்துங்கள். சின்ன ரேஞ்சில் வைத்தால் மீட்டருக்குள்ளேயே வோல்ட் விழுந்து, நல்ல ரேடியோவும் அணைந்து அணைந்து எரியும்.

## அறிகுறி 1: முழு சார்ஜ் போட்டும் சில மணி நேரத்தில் அணைகிறது

எந்த மோடில் ஓடுகிறது?

பாக்கெட் ரேடியோ இயர்போனில் எஃப்எம் பாட 20 முதல் 40 மில்லிஆம்பியர் ஆகும். ஸ்பீக்கரில் நடுத்தரச் சத்தம் என்றால் 60 முதல் 150 வரை போகும். டி.ஆர்.எம். அப்படியில்லை. வரும் சிக்னலைப் பிரித்துக் குரலாக்க உள்ளே ஒரு பிராசசர் ஓய்வில்லாமல் கணக்குப் போடுகிறது. அதே பெட்டி எஃப்எம்மில் எடுப்பதைவிடப் பல மடங்கு இழுப்பது இயல்பு. அது பழுதாகாது.

பேட்டரியின் எம்ஏஹெச்சை (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று அதன் மேல் எழுதியிருக்கும் எண்) 0.8 ஆல் பெருக்கி, இழுக்கும் மில்லிஆம்பியரால் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். 2200 எம்ஏஹெச் செல் 100 மில்லிஆம்பியரில் 17 மணி நேரத்துக்கு மேல் ஓடும். 400 இழுத்தால் நாலரை மணி நேரத்தோடு சரி. கணக்குக்குப் பக்கத்தில் வந்தால் ரேடியோ நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

சத்தத்தைக் குறைத்தால் மிச்சமாகுமா என்றால், எஃப்எம்மில் நன்றாகவே ஆகும். டி.ஆர்.எம்.மில் பெரும்பங்கு பிராசசருக்கே போவதால் அவ்வளவாக ஆகாது. டிஸ்பிளே விளக்கும் அதே கதை. விளக்கு எடுக்கும் 10, 20 மில்லிஆம்பியர் எஃப்எம்மில் கேட்பவருக்குப் பெரிய செலவு, டி.ஆர்.எம்.மில் தூசு. இன்னொன்று: சிக்னல் இல்லாமல் ஊமையாக நிற்கும் டி.ஆர்.எம். ரேடியோ ஓய்வெடுக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறது. செலவு குறையாது. கேட்டபடியே தூங்கிவிடுகிறவர்கள் ஸ்லீப் டைமரை 30 நிமிடத்தில் வையுங்கள்.

என்ன செல் போட்டிருக்கிறது?

சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் சாதா கார்பன்-துத்தநாக பென்சில் பேட்டரி கடிகாரத்துக்கு அருமை. டிஜிட்டல் ரேடியோ கேட்கும் கரண்டைக் கொடுக்க அதற்குத் தெம்பு இல்லை. ஆல்கலைன் என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்குங்கள். தினமும் கேட்பவர் என்றால் 2000 எம்ஏஹெச் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் லாபம். அது 1.2 வோல்ட்தான் கொடுக்கும் என்பதால் பேட்டரிக் கட்டம் எப்போதும் ஒன்று குறைத்தே காட்டும், பயப்பட வேண்டாம். சில பெட்டிகளில் செல் வகையைத் தேர்ந்தெடுக்க மெனு இருக்கும், மாற்றிவிடுங்கள்.

18650 என்றால் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் சுமார் 45 கிராம் இருக்கும். மேலே 9900 எம்ஏஹெச் என்று பளபளப்பாக அச்சடித்து 30 கிராம் நின்றால் சந்தேகமே வேண்டாம், போலி. அந்த அளவில் இன்று கிடைக்கும் நல்ல செல்லே 3500 எம்ஏஹெச் பக்கம்தான் தரும். நகைக்கடைத் தராசு தேவையில்லை, சமையல் தராசு போதும்.

பேட்டரி கிழடாகிவிட்டதா?

பிஎல்-5சி பேட்டரிக்கு எளிய சோதனை: கண்ணாடி மேசையில் படுக்கவைத்து ஒரு மூலையை விரலால் சுண்டுங்கள். உரசி நின்றால் தட்டையாக இருக்கிறது. பம்பரம் மாதிரிச் சுற்றினால் வயிறு உப்பிவிட்டது. அதை மறுபடி ரேடியோவில் போடாதீர்கள், நேராக அறிகுறி 6-க்குப் போங்கள்.

உப்பவில்லை என்றால் எம்ஏஹெச் அளக்கலாம். தானாக அணையும் வரை ரேடியோவைப் பாடவிட்டு, அணைத்த நிலையிலேயே யுஎஸ்பி மீட்டர் வழியாக முழுச் சார்ஜ் போடுங்கள். இந்தப் பெட்டிகளில் வரும் 4056 வகைச் சார்ஜிங் ஐசி, உள்ளே வாங்கும் கரண்டை அப்படியே பேட்டரிக்குக் கொடுப்பது. அதனால் யுஎஸ்பி மீட்டர் காட்டும் எம்ஏஹெச்சும் பேட்டரியில் ஏறியதும் கிட்டத்தட்ட ஒன்றே. 2200 என்று எழுதிய செல்லில் 900 மட்டும் ஏறி நின்றுவிட்டால் அதன் காலம் முடிந்தது. இப்போது புது பேட்டரி வாங்குங்கள்.

## அறிகுறி 2: பாடாமல் வைத்திருந்தாலும் பேட்டரி காலியாகிறது

ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ரேடியோ எழவில்லை என்பது இந்த வகை. பட்டனை அழுத்தி அணைக்கும் பெட்டிகளில்தான் அதிகம் வரும். கிளிக் என்று திருகி அணைக்கும் பழைய வால்யூம் சுவிட்ச் பேட்டரியையே துண்டித்துவிடும். பட்டன் அப்படிச் செய்வதில்லை, ரேடியோவைத் தூங்கத்தான் வைக்கிறது.

அளக்கும் முறை

அட்டைத் துண்டைச் சொருகி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டுத் தொடுங்கள். தொட்டதும் ரேடியோ விழித்துக்கொண்டு சில நொடி நிறைய இழுக்கும். அணைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். 0.00 என்று வந்த பிறகு 20 மில்லிஆம்பியர் ரேஞ்சுக்கு மாற வேண்டும். மாற்றும்போது தொடர்பு அறுந்தால் ரேடியோ மறுபடி விழித்து, மீட்டருக்குள் இருக்கும் சின்ன ஃபியூஸைப் பலி வாங்கும். மாற்றும் முன் இரண்டு தாளையும் ஒரு முதலை கிளிப் ஒயரால் இணைத்துவிட்டு, மீட்டரை மாற்றித் தொட்டபின் ஒயரைக் கழற்றுங்கள். இந்த ஒரு ஒயரைச் சோம்பல்பட்டுத்தான் எத்தனையோ ஃபியூஸ் போகிறது.

0.3 மில்லிஆம்பியருக்குள் வந்தால்

கடிகாரம் ஓடவும், பட்டனை அழுத்துகிறோமா என்று ரேடியோ கவனிக்கவும் தேவையான அளவுதான். கசிவு இல்லை. பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கிறது. முழுச் சார்ஜ் போட்டுக் கழற்றி வைத்து, ஒரு வாரம் கழித்து வோல்ட் பாருங்கள். லித்தியம் செல் 4.2-லிருந்து 4.1-க்குக் கீழே தெளிவாக இறங்கினால் மாற்றுங்கள்.

1 முதல் 5 மில்லிஆம்பியர் வந்தால்

கணக்குப் போட்டால் புரியும்: 3 மில்லிஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 72 எம்ஏஹெச். 1000 எம்ஏஹெச் பிஎல்-5சி இரண்டே வாரத்தில் காலி. மெமரி கார்டையும் பென் டிரைவையும் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். குறைந்தால் காரணம் அதுதான், பாடாதபோது கழற்றி வையுங்கள். குறையாவிட்டால் சர்க்யூட் போர்டைப் பாருங்கள். ஐப்பசி மழையில் நனைந்ததோ, கொட்டகையில் பூச்சிமருந்துத் தெளிப்பு பட்டதோ, காய்ந்த உப்பு போர்டில் படிந்திருந்தால் அதன் வழியாகவும் கரண்ட் ஒழுகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு நாள் நிழலில் உலர்த்துங்கள். நேர் வெயிலில் வேண்டாம், டிஸ்பிளே கருத்துவிடும்.

10 மில்லிஆம்பியருக்கு மேல் வந்தால்

ஏதோ ஒரு பகுதி அணையவே இல்லை. பெரும்பாலும் ஸ்பீக்கர் ஆம்பிளிஃபையர் ஐசி. அணைத்த ரேடியோவின் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தால் மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்டாலும் கேட்கும். கெட்ட கண்டென்சராகவும் இருக்கலாம். இதற்கு ஈயம் வைக்கத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். பழுதுக் கூலி புது ரேடியோ விலையில் பாதியைத் தாண்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேட்டரியின் பிளஸ் ஒயரில் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். கடிகார நேரமும் சில பெட்டிகளில் ஸ்டேஷன் நினைவும் அழியும், மற்றபடி நிரந்தரத் தீர்வு.

## அறிகுறி 3: சத்தம் கூட்டினால் அணைந்து மறுபடி எரிகிறது

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போதோ தவில் அடி விழும்போதோ சரியாக அணைகிறதா? கணநேரம் கூடுதல் கரண்ட் கேட்கும்போது வோல்ட் சரிகிறது. எங்கே சரிகிறது என்றுதான் தேட வேண்டும்.

சத்தமாகப் பாடவிட்டு, மீட்டர் முனைகளை முதலில் செல்லின் உடம்பிலேயே வைத்து வோல்ட் பாருங்கள். பிறகு ஸ்பிரிங்கும் தகடும் போர்டில் சேரும் இடத்தில் பாருங்கள். இரண்டுக்கும் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தொடர்பில் கோளாறு. வித்தியாசம் இல்லாமல் செல்லிலேயே வோல்ட் தாழ்ந்தால் செல் சோடை. பழைய செல்லையும் புதுச் செல்லையும் ஜோடி சேர்த்திருந்தால் புதியதும் சேர்ந்து வீணாகும்.

தொடர்பு என்றால் களிம்பைப் பாருங்கள். ஆல்கலைன் ஒழுகி வெள்ளையாகப் பூத்திருந்தால் அது காரம், பஞ்சுக்குச்சியில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள். சாதா கார்பன் செல் ஒழுகியிருந்தால் அமிலத் தன்மை, ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துடையுங்கள். மாற்றிச் செய்தால் களிம்பு அசையாது, ஸ்பிரிங்தான் இன்னும் அரிக்கும். எதுவானாலும் கடைசியில் ஈரப் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, பிடிவாதமான இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். முலாம் போய் இரும்பு தெரிந்துவிட்ட ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துருப்பிடிக்கும். ஸ்பிரிங் நுனிக்கும் அடிக்கும் ஒரு மெல்லிய செம்புக் கம்பியை ஈயத்தால் இணைத்துவிட்டால் கரண்ட் செம்பு வழியே போகும், ஸ்பிரிங் அழுத்தம் மட்டும் கொடுக்கும்.

## அறிகுறி 4: சார்ஜ் ஏறவில்லை

இதில் சார்ஜ் விளக்கு (ஏறும்போது சிவப்பு, நிறைந்தால் பச்சை) சொல்வதைக் கேட்டால் போதும்.

விளக்கே எரியவில்லை

கேபிளை மாற்றுங்கள். அடுத்து அடாப்டரை. டைப்-சி துளை உள்ள பெட்டியில், இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளைப் போட்டீர்களா? மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அந்தத் துளைக்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டையும் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் புது போனின் சார்ஜர் 5 வோல்ட்டைத் திறந்தே விடாது. பழைய தட்டையான யுஎஸ்பி அடாப்டரும் ஒரு முனை மட்டும் டைப்-சி ஆன கேபிளும் போட்டால் உடனே ஏறும். ரேடியோவில் பழுது பார்க்க ஒன்றுமில்லை. இது தெரியாமல் சர்வீஸ் கடை வாசலில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

அப்படியும் எரியாவிட்டால் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சும் பீடித் தூளும் அடைத்திருக்கும், மரப் பல்குச்சியால் எடுங்கள். செருகியதும் துளையே ஆடினால் ஈயம் விட்டுவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கும் மொபைல் சர்வீஸ் கடைக்காரருக்கு அது பத்து நிமிட வேலை.

எரிகிறது, ஆனால் விட்டு விட்டு மினுக்குகிறது

சார்ஜிங் ஐசிக்கு பேட்டரி கண்ணில் படவில்லை. செல் தலைகீழாக இருக்கிறதா, ஸ்பிரிங்கைத் தொடுகிறதா என்று பாருங்கள். தலைகீழாகப் போட்டிருந்தால் சார்ஜரை உடனே பிடுங்குங்கள். அந்த ஐசிகள் பலவற்றுக்குத் தலைகீழ் வோல்ட்டைத் தாங்கும் பாதுகாப்பு கிடையாது.

சிவப்பு எரிகிறது, மீட்டரில் கரண்ட் மிகக் குறைவு

பல மாதம் பரணில் கிடந்த பெட்டியா? செல் 2.9 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் ஐசி முதலில் வழக்கமான கரண்டில் பத்தில் ஒரு பங்கைத்தான் சொட்டுச் சொட்டாக விடும். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். 3 வோல்ட்டைத் தாண்டினால் தானாக வேகம் பிடிக்கும். தாண்டாவிட்டாலும், செல்லை நேராக அளந்து 2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தாலும் அதை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். இன்னொரு பேட்டரியோடு ஒயர் கொடுத்து ‘ஜம்ப்’ செய்யும் வித்தையும் வேண்டாம்.

விடிய விடியப் போட்டும் பச்சைக்கு மாறவில்லை

பாடவிட்டபடி சார்ஜ் போடுகிறீர்கள். கரண்ட் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால்தான் பேட்டரி நிறைந்தது என்று ஐசிக்குத் தெரியும். ரேடியோ அதைவிட அதிகமாக இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த நேரம் வரவே வராது. செல் இரவெல்லாம் 4.2 வோல்ட்டில் கட்டிப்போட்ட மாதிரி நிற்கும், ஆயுள் குறையும். அணைத்துவிட்டுப் போடுங்கள். அணைத்தும் மாறவில்லை என்றால் அறிகுறி 2-இல் சொன்ன கசிவைத் தேடுங்கள்.

போட்டதுமே பச்சை

செல்லின் உள்தடை (செல்லுக்குள்ளேயே கரண்டை மறிக்கும் தடை) ஏறிவிட்டது, அல்லது ஸ்பிரிங்கில் களிம்பு. களிம்பைத் துடைத்துப் பார்த்துவிட்டு பேட்டரியை மாற்றுங்கள்.

## அறிகுறி 5: சார்ஜரில் போட்டால் டி.ஆர்.எம். குரல் அறுகிறது

பேட்டரியில் நன்றாகப் பாடுகிறது, அடாப்டரைச் செருகியதும் துண்டு துண்டாகிறது என்றால் அது அடாப்டரின் இரைச்சல். சென்னையிலிருந்து வரும் டி.ஆர்.எம். மீடியம் வேவில் வருகிறது. வேலூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். மெலிந்து வரும் அந்தச் சிக்னலுக்கு மேல் மலிவு அடாப்டர் கத்தினால், அனலாக்கில் கரகரப்பாகக் கேட்டிருக்கும். டிஜிட்டலில் குரலே நின்றுவிடும். இதைப் பேட்டரி பலவீனம் என்று நினைத்து செல் மாற்றுகிறவர்கள் உண்டு.

அணைத்திருக்கும்போது சார்ஜ், பேட்டரியில் கேட்பது என்று பிரித்துக்கொள்வதுதான் செலவில்லாத வழி. முடியாது என்றால் கேபிளில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டி, கேபிளை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அடாப்டர் இல்லாமலேயே அறுந்தால் வீட்டு மெயினை ஒரு நிமிடம் இறக்குங்கள். குரல் வந்துவிட்டால் எல்இடி பல்பு, செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் குற்றவாளியைப் பிடிக்கலாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் மட்டும் ரேடியோ தெளிவாகக் கேட்கிறது என்றால் உங்களுக்கு விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

திசையும் பாருங்கள். மீடியம் வேவுக்கு மேலே நீட்டும் ஏரியல் உதவாது, உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் கம்பிதான் பிடிக்கிறது. பெரும்பாலும் அது பெட்டியின் நீளவாக்கில் இருக்கும். நமக்குச் சென்னை கிழக்கே. கம்பி வடக்கு-தெற்காகக் கிடக்க வேண்டும், அதாவது ரேடியோவின் முகம் கிழக்கையோ மேற்கையோ பார்க்க வேண்டும்.

பவர் பேங்கில் கேட்பவர்களுக்கு வேறு தொல்லை. எஃப்எம் பாடும் ரேடியோ இழுப்பது சொற்பம், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து பவர் பேங்க் அரை நிமிடத்தில் அணைந்துவிடும். குறைந்த கரண்ட் மோடு உள்ள பவர் பேங்க் என்றால் அதைப் போடுங்கள். சிலவற்றில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் வரும்.

## அறிகுறி 6: பேட்டரி உப்பல், சூடு, நெடி

இங்கே வீட்டு வைத்தியம் கிடையாது. சார்ஜரைப் பிடுங்கி, ரேடியோவை வெட்டவெளியில் சிமெண்ட் தரையில் வையுங்கள். உப்பிய பேட்டரியைக் கத்தியால் நெம்பவோ, அழுத்தித் தட்டையாக்கவோ, ஊசியால் காற்று இறக்கவோ கூடாது. மூடி எளிதில் திறந்தால் எடுத்து, முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். மூடி திறக்கவில்லை என்றால் பெட்டியோடு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். மக்கும் குப்பை, மக்காக் குப்பை இரண்டிலும் போட வேண்டாம். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

உப்புவதற்கு நம்மூர் வெயிலும் ஒரு காரணம். லித்தியம் பேட்டரியை முழுச் சார்ஜில், 40 டிகிரியில் ஒரு வருடம் வைத்திருந்தால் கொள்ளளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதே சூட்டில் 40 சதவீதச் சார்ஜில் வைத்தால் இழப்பு 15 சதவீதத்தோடு நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள்ளும் ஸ்கூட்டர் டிக்கிக்குள்ளும் 40 என்பது காலையிலேயே தாண்டிவிடும். பம்ப்செட்டில் வைக்கும் ரேடியோவைத் தகரத்தை ஒட்டிய ஆணியில் மாட்டாமல், தொட்டிச் சுவரின் நிழல் பக்கம் வையுங்கள். சித்திரை, வைகாசியில் பகலில் சார்ஜ் போடாதீர்கள், 45 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. பொழுது சாய்ந்து, பெட்டியைத் தொட்டால் கை சுடாத பிறகு செருகுங்கள்.